தோட்டக்காரமங்கலத்துக்கு வழி கேட்பவர்கள்

தோட்டக்காரமங்கலம் எந்த வரைபடத்திலும் கிடையாது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொடருக்காகப் பிறந்த ஊர் அது. ‘மர்மதேசம்’ வரிசையில் ‘ரகசியம்’ முடிந்த பிறகு, 1997–98 வாக்கில் சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்தது. தப்புச் செய்கிறவனைக் கருப்புசாமி குதிரையேறி வந்து தண்டிக்கும் என்று நம்புகிற கிராமம், அங்கே அடுத்தடுத்து விழும் சாவுகள், காரணம் தேடி வருகிறவர்கள். கதையின் வெளிக்கூடு இவ்வளவுதான். ஆனால் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே, நான் வளர்ந்த பக்கத்தில், அந்த ஊரைத் தனக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கிறது என்பார் ஒருவர். இல்லை, புதுக்கோட்டை எல்லையில் ஒரு கருப்பர் திடல் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்பார் இன்னொருவர்.

கால் நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ தொடர்கள் ஆயிரம் பகுதிகளைத் தாண்டி ஓடின. அவற்றில் பலவற்றின் கதாநாயகி பெயரைக் கேட்டால்கூட அன்று தினமும் பார்த்தவர்களுக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. இது மட்டும் ஏன் மறக்கவில்லை? நல்ல கதை, நல்ல நடிப்பு, நல்ல இசை என்று சொல்லிவிடலாம். அது போதாது என்று நினைக்கிறேன். நன்றாக எடுக்கப்பட்டு மறந்துபோனவையும் உண்டு. ஒரு தொடர் நிலைப்பது, அது பார்க்கிறவர்களிடம் எவ்வளவு வேலையை விட்டுவைக்கிறது என்பதைப் பொறுத்தது. காத்திருக்கும் வேலை, ஊகிக்கும் வேலை, பார்க்காதவருக்குச் சொல்லும் வேலை, சண்டை போடும் வேலை, கடைசியில் பத்திரப்படுத்தும் வேலை. இந்த வேலைகளைச் செய்தவர்களையே நான் ரசிகர்கள் என்று சொல்வேன். காவிரிப் படுகையில் இவற்றுக்குப் பழகிய கைகள் நிறைய இருந்தன.

எங்கள் ஊர்களுக்குத் தொலைக்காட்சி வந்ததே சிரமப்பட்டுத்தான். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது, ஆனால் அதன் அலை இங்கே எட்டவில்லை. எங்கள் கடற்கரைப் பக்கத்துக்கு முதலில் கிடைத்தது இலங்கை. 1982-இல் தொடங்கிய ரூபவாகினி கடலைத் தாண்டி வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை வரை வந்தது. எப்போதும் அல்ல. காற்று அசையாத வெக்கையான இரவுகளில், கடல்மேல் படிந்திருக்கும் காற்றடுக்குகள் அலையை வளைத்து நெடுந்தூரம் கொண்டுவந்து சேர்க்கும். சித்திரை, வைகாசியில் படம் தெளிவாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எங்களுக்கு அது வேதாரண்யேஸ்வரர் அருள். பிறகு கொடைக்கானலிலிருந்து ஒளிபரப்பு வந்தது. வசதியுள்ள வீடுகளில் ஓட்டுக்கு மேலே இரண்டு ஆன்டெனாக்கள் நின்றன, ஒன்று தென்கிழக்கே கடலைப் பார்த்து, மற்றொன்று மேற்கே மலையைப் பார்த்து. மேலே ஒருவர் குழாயைத் திருப்புவார், வாசலில் ஒருவர் நின்று உள்ளே கேட்பார், உள்ளிருந்து ஒருவர் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்துங்கள் மாமா!” என்று கத்துவார். படம் பார்ப்பதற்கு முன்னாலேயே மூன்று பேருடைய உழைப்பு அதற்குள் போய்விடும்.

தெருவுக்கு ஒரு சாலிடேர் அல்லது டயனோரா பெட்டி இருந்த காலம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம் என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. கூடத்தில் உட்கார்ந்தவர்கள் உண்டு, ரேழியில் நின்றவர்கள் உண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றே முழு நிகழ்ச்சியையும் பார்த்தவர்களும் உண்டு. யார் எங்கே நிற்பது என்பதைச் சாதி தீர்மானித்தது. ஊராட்சியின் தொலைக்காட்சி அறை வந்த பிறகுதான் வெளியே நின்றவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. பழைய தொலைக்காட்சி நாட்களை ஏக்கத்தோடு பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

1987 ஜனவரி 25, ஞாயிறு காலை, ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடங்கியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 2 முதல் பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரத்’, 1990 ஜூன் 24 வரை, மொத்தம் 94 பகுதிகள். இரண்டும் ஹிந்தி. எங்கள் தெருவில் அந்த மொழி தெரிந்தவர் ரயில்வேயில் வடக்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா மட்டும்தான். ஹிந்தி எதிர்ப்புக்காகச் சிறை போனவர்களும் அதே தெருவில் இருந்தார்கள், அவர்களும் பார்த்தார்கள். மொழி தெரியாமல் எப்படி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று வெளியூர் நண்பர்கள் என்னிடம் வியப்பது உண்டு.

மெலட்டூருக்கு வந்து பார்த்தால் அந்த வியப்பு தீர்ந்துவிடும். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் உள்ள அந்த ஊரில், ஒவ்வொரு ஆண்டும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கிறது. வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாடகங்கள். ஆடுபவர்கள் எல்லோரும் ஆண்கள், பெண் வேடமும் அவர்களே. இரவு தொடங்கி விடியும் வரை போகும். பார்க்க வருகிற சுற்றுவட்டார மக்களில் தெலுங்கு தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பிரகலாதன் கதை எல்லோருக்கும் தெரியும். தூண் பிளக்கும், நரசிம்மர் வருவார், இரணியன் முடிவான். முடிவு தெரிந்தும் ஆண்டுதோறும் அதே இடத்தில் உட்கார்ந்து, நரசிம்ம முகமூடி வெளியே வரும் நேரத்துக்காகக் கண்விழிக்கிறார்கள். முகமூடியைச் சாமியாகவே பூசை செய்து வைத்திருக்கிறார்கள். அதை அணிகிறவர் அன்று விரதம் இருக்கிறார். ஆவேசம் வரும்போது தாங்கிப் பிடிக்கச் சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள்.

தெரிந்த கதையை, தெரியாத மொழியில், திரும்பத் திரும்ப, இரவெல்லாம் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். பழைய தொடரை ஐந்தாவது முறையாகப் பார்க்கிற ஒருவரிடம் “முடிவுதான் தெரியுமே, இன்னும் என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்களுக்கு மெலட்டூரில் ஓர் இரவு உட்கார்ந்தால் பதில் கிடைக்கும். முடிவுக்காகப் பார்ப்பது முதல் முறை மட்டும்தான். அதற்குப் பிறகு பார்ப்பது இந்த முறை அந்தத் தூண் எப்படிப் பிளக்கப்போகிறது என்பதற்காக.

‘விடாது கருப்பு’ வந்தபோது நிலைமை மாறியிருந்தது. கேபிள் வந்துவிட்டது, ஆனால் எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. மின்சாரமும் நம்பும்படி இல்லை. அந்த வாரப் பகுதியைப் பார்த்தவர்கள் பாதி, தவறவிட்டவர்கள் பாதி. தவறவிட்டவர்களுக்கு அன்று ஒரே வழிதான் இருந்தது, பார்த்தவர் வாயால் கேட்பது.

எங்கள் வயலில் சம்பா நடவு நடக்கும்போது வரப்பில் நாற்றுமுடி எடுத்துப் போட்டுக்கொண்டு நான் கேட்ட ‘விடாது கருப்பு’, திரையில் பார்த்ததைவிட நீளமானது. வரிசையில் குனிந்து நட்டுக்கொண்டே ஒரு அக்கா கதையைத் தொடங்குவார். பேச்சிக் கிழவி என்ன சொன்னாள், குதிரைச் சத்தம் எந்தப் பக்கமிருந்து கேட்டது, அந்தப் பையன் ராஜேந்திரன் முகம் எப்படிப் போயிற்று என்று ஒன்றையும் விடமாட்டார். அந்தத் தொடரின் கதை நேராகவும் போகாது. ராஜேந்திரன் சிறுவனாக இருந்த காலமும், அவன் வளர்ந்து ஆளான காலமும் மாறி மாறி வரும். அதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல. “இது பழைய கதை, இது இப்போது நடப்பது” என்று அவர் அடிக்கடி நிறுத்திப் பிரித்துச் சொல்வார். நடுவில் இன்னொரு பெண் மறுப்பார், “இல்லை அக்கா, அது அவள் இல்லை, மற்றவள்.” வரிசை வரப்பைத் தொடும்போது கதை பாதியில் நிற்கும். மறுபடி இறங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கும். திரையில் அரைமணி நேரம் வந்தது வயலில் காலை முழுவதும் நின்றது. பார்க்காத பெண்கள் அடுத்த வாரம் பார்த்தவர்களைவிடத் துல்லியமாக யார் கொலைகாரர் என்று ஊகித்தார்கள். யார் என்பதை இங்கே எழுதமாட்டேன், இன்னும் பார்க்காத இளைஞர்கள் படிக்கக்கூடும்.

இந்தத் தொடரை எங்கள் பக்கம் தன்னுடையதாக எடுத்துக்கொண்டதற்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. டெல்டாவின் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு குரல்கள் உண்டு. ஊர் எல்லையில் ஐயனார், கருப்பர், மதுரைவீரன், பெரியாச்சி. ஊர் நடுவில் பெரியார் படிப்பகம். என் அப்பாயி ஆடி மாதம் கருப்பருக்குப் பொங்கல் வைக்காமல் வாய் திறந்து பேசமாட்டார். என் பெரியப்பா திராவிடர் கழகக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் சைக்கிளில் போய்விடுவார். ஒரே வீடு, ஒரே பெட்டி, ஒரே தொடர். குதிரைச் சத்தம் கேட்டதும் அப்பாயி கையெடுத்துக் கும்பிடுவார். மறுநிமிடம், மனோதத்துவம் படித்த பெண் ஒருத்தி திரையில் வந்து காரணகாரியம் பேசுவாள், பெரியப்பா நிமிர்ந்து உட்காருவார். “பார்த்தீர்களா அம்மா, எல்லாம் மனசு செய்யும் வேலை” என்பார். “அந்த மனசுக்குள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளைச் சொல்லச் சொல்” என்பார் அப்பாயி.

தொடர் முடிந்தபோது இருவருமே தாங்கள் வென்றதாக நினைத்தார்கள். அறிவியல் பக்கம் ஒரு விளக்கத்தை வைத்த கதை, அப்பாயியின் நம்பிக்கையை அவமானப்படுத்தவும் இல்லை. அந்தச் சமநிலை தற்செயலாக வராது. கிராம தெய்வத்தைப் பேயாகவும் பூச்சாண்டியாகவும் காட்டிக் காசு பார்த்த படைப்புகளை அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்கிறேன். இங்கே கருப்பு என்பது ஊரின் நீதி உணர்வாக நின்றது. யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துச் செய்த தப்பை யாரோ கேட்பார்கள் என்கிற அச்சம் அது. அந்த அச்சத்தை நம்புகிறவர், நம்பாதவர் இருவரும் உணரமுடியும். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் மறைந்தபோது, எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அந்த இரண்டு கட்சிகளின் வாரிசுகளும் மறுபடி அதே வாதத்தைத் தொடங்கி, இரவு நெடுநேரம் வரை ஓயவில்லை. எழுத்தாளருக்கு அதைவிட நல்ல அஞ்சலி எனக்குத் தோன்றவில்லை.

தொடரைத் தயாரித்தது மின்பிம்பங்கள், இயக்குநர் கே.பாலசந்தரின் மகன் கைலாசம் நடத்திய நிறுவனம். பாலசந்தர் பிறந்தது நன்னிலத்தை ஒட்டிய நல்லமாங்குடி, ஆசிரியர் வேலையைத் தொடங்கியது முத்துப்பேட்டை. எங்கள் பக்கத்துக்காரர் வீட்டுத் தொடர் என்ற பெருமையும் இதில் கலந்திருந்தது. தொடரில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னாளில் உண்மையிலேயே திருமணம் செய்துகொண்டபோது சொந்தக்காரர் கல்யாணம் போல எங்கள் தெரு மகிழ்ந்தது.

உலகின் வேறு மூலைகளிலும் ரசிகர்கள் இதே வேலைகளைத்தான் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ‘ஸ்டார் டிரெக்’ 1966-இல் தொடங்கி 79 பகுதிகளோடு 1969-இல் நிறுத்தப்பட்டது. பார்வையாளர் கணக்கில் தோற்ற தொடர் அது. மறு ஒளிபரப்புகளில்தான் அதன் கூட்டம் பெருகியது. அந்த ரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களால் 1976-இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு ‘எண்டர்பிரைஸ்’ என்று தொடரில் வந்த கலத்தின் பெயரே வைக்கப்பட்டது. நாங்களும் கடிதம் எழுதியவர்கள்தான். சென்னைத் தொலைக்காட்சியின் ‘எதிரொலி’ நிகழ்ச்சியில் நேயர் கடிதங்களைப் படிப்பார்கள். 15 பைசா அஞ்சலட்டையில் நுணுக்கி நுணுக்கி எழுதிப் போட்டுவிட்டு, தங்கள் ஊர்ப் பெயரை வாசிக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். நீடாமங்கலம் என்றோ வலங்கைமான் என்றோ ஒரு பெயர் சென்னையிலிருந்து ஒலித்துவிட்டால், அந்த ஊரே தொலைக்காட்சிக்குள் போய்விட்டு வந்த பூரிப்பு.

ஆனால் என்னை அதிகம் பாதித்தது இங்கிலாந்தின் ‘டாக்டர் ஹூ’ கதை. 1963-இல் தொடங்கிய அந்தத் தொடரின் ஆரம்பகால ஒளிநாடாக்களைப் பிபிசியே அழித்துவிட்டது. நாடா விலை அதிகம், வைக்க இடம் இல்லை, பழையதை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம். நூறுக்குச் சற்றுக் குறைவான பகுதிகள் இன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றின் ஒலி முழுவதும் இன்று கிடைக்கிறது. காரணம், அன்று சிறுவர்களாக இருந்த சில ரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். காணாமல் போயிருந்த வேறு ஒன்பது பகுதிகளின் படச்சுருள்கள் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில் கிடைத்து, 2013-இல் வெளியாயின. நிறுவனம் கைவிட்டதை ரசிகன் காப்பாற்றியதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்திலும் அப்படிக் காப்பாற்றியவர்கள் இருந்தார்கள், வேறு காரணத்துக்காக. மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வீடுகளில் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஆள் இல்லாத வீடு குறைவு. ஊரில் வந்த தொடர்களைக் கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் சொல்லி வி.எச்.எஸ். நாடாவில் பதிவு செய்து, விடுமுறை முடிந்து திரும்புகிறவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் வடகத்துக்கும் நடுவில் துணி சுற்றிய மூன்று மணிநேர நாடாக்கள். அங்கே ஓர் அறையில் பத்துப் பேர் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குக் கொடுப்பார்கள். திரும்பி வரும் நாடாவில் லேபிளுக்கு மேல் லேபிள் ஒட்டியிருக்கும். திருத்துறைப்பூண்டியில் அப்படிப் பதிவு செய்துவந்த ஒருவரிடம் சுவர் நிறைய நாடாக்கள் இருந்தன. தொடர்கள் மட்டுமல்ல, நடுவில் வந்த விளம்பரங்கள், செய்திகள், ‘ஒளியும் ஒலியும்’ பாட்டுகள் எல்லாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரை கடந்தபோது அவர் கடையின் கூரை போய்விட்டது. தென்னை மரங்களுக்குக் கணக்கெடுத்தார்கள், ஓடுகளுக்குக் கணக்கெடுத்தார்கள். அந்த நாடாக்களுக்கு யாரும் கணக்கெடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பாலசந்தரின் நிறுவனமான கவிதாலயா யூடியூபில் ஏற்றிய பிறகு ‘விடாது கருப்பு’ இனி அழியாது என்ற நிம்மதி எனக்கு இருக்கிறது. 2020 ஊரடங்கில் மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் ‘ராமாயண்’ தொடரைத் திரும்பப் போட்டதும், சன் டிவி ‘மெட்டி ஒலி’யைத் திரும்பப் போட்டதும் இன்னொரு தலைமுறையை உள்ளே இழுத்தன. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் கதையை, 2002-இல் அது முதலில் வந்தபோது பிறக்கவே பிறக்காத என் அக்கா மகள் தன் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்தாள். மருமகளை அடிக்கும் காட்சிகளில் அவள் கோபப்பட்டுப் பேசினாள். பாட்டி அன்று அழுத இடங்கள் அவை. ஒரே காட்சிக்கு ஒரே வீட்டில் இப்போது இரண்டு பதில்கள். பழைய தொடர் எல்லாவற்றையும் போற்ற வேண்டியதில்லை. அவள் கோபம் சரியானது என்றே நினைக்கிறேன், அந்தக் கோபத்துக்கு இடம் தருவதும் ஒரு தொடரின் ஆயுளுக்கு உதவுகிறது.

எனக்கு இருக்கும் கவலை யூடியூபில் ஏறாதவற்றைப் பற்றியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னைத் தொலைக்காட்சியில் வந்த வார நாடகங்கள், ‘எதிரொலி’, வயலும் வாழ்வும், உள்ளூர் கேபிள்காரர் திருவிழாவுக்கு எடுத்தவை. இவற்றில் பல, யாருடைய வீட்டுப் பரணிலாவது மட்டும்தான் இருக்கக்கூடும். எங்கள் ஈரக்காற்றில் நாடா சீக்கிரம் பூஞ்சை பிடிக்கிறது. நாடாவைப் படிக்கும் வி.சி.ஆர். கருவிகளின் உற்பத்தியோ 2016-லேயே நின்றுவிட்டது. அதனால் இதைப் படிக்கும் டெல்டாக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் பழைய வி.எச்.எஸ். நாடா இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். சுருளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள், பூஞ்சை கருவியின் தலையைக் கெடுத்துவிட்டு அடுத்த நாடாவுக்கும் பரவும். காய்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். முதுகுப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் தவறுதலாகக்கூட அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. மின்வடிவில் மாற்றித் தருகிற வீடியோக்காரர்கள் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இன்னும் இருக்கிறார்கள். கல்யாண நாடா என்று எழுதியிருந்தாலும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். தாலி கட்டி முடிந்து, பந்தி முடிந்து, மீதமிருந்த நாடாவில் அந்த வீடியோக்காரர் அன்றிரவு எந்தத் தொடரைப் பதிவு செய்தார் என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.